ஓட்டத்தை முடிக்காதவன்

போன மாதம், விளையாட்டுக் காயங்களை ஆராய நீங்கள் நடத்திய பயிற்சி முகாமில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். கத்திரி வெயிலில் எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்க வாய்வரை வந்தது; அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு உங்களில் ஒருவர் திரையில் ஒரு பழைய கட்டுரையைக் காட்டிப் பேசினார். "எழுபதுகளிலேயே நம் தூத்துக்குடியில் ஓட்டக்காரர்களின் காலடியை அளந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். கெட்டித் தரையில், வெறுங்காலோடு, ஒரு பருவம் முழுக்க ஓடியும் ஒருவருக்கும் காயம் இல்லை. நாம் இங்கிருந்து தொடங்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. கிழவிக்குக் கை வலிக்கிறது போல என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த ஆய்வில் நான் வேலை பார்த்தேன். அந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லை, நான்தான் எடுக்கச் சொன்னேன். ஏன் என்று இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. நீங்கள் அதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் பிசியோதெரபி படித்துவிட்டு ஊர் திரும்பினேன். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற கிராமம் எங்களுடையது. பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டால் என் அப்பாவுக்கே சொல்லத் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு எலும்பு டாக்டரிடம் வேலை கிடைத்தது. அங்கே வருகிறவர்கள் என்னை "சிஸ்டர்" என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் வாரம் விளக்கினேன், இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன். என் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் "கால் பிடிச்சு விடுறது".

டாக்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இப்போது இல்லை, அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றால் பிடுங்கி மேசையில் வைத்துவிடுவார். "மொதல்ல கால தொட்டுப் பாரும்மா. எலும்புல நூலாட்டம் கீறல் விழுந்தா படத்துல தெரிய வாரக்கணக்காகும். ஒன் வெரலுக்கு இன்னைக்கே தெரியும்" என்பார். வலி உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தால் தசை, ஒரே ஒரு விரல் நுனிக்குள் அடங்கினால் எலும்பு என்று சந்தேகப்படு என்பதும் அவர் சொன்னதுதான். பட்டாளத்தில் நெடுநடை நடக்கிறவர்களுக்கு இப்படி எலும்பு கீறும் என்று அவர் படித்திருந்தார். ஓட்டக்காரர்களுக்கும் அது வரும், வராமல் தடுக்க வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அப்படி ஒரு கனவு கண்டவர் அவர் ஒருவர்தான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்று அப்போது விளையாட்டு அணி வைத்திருந்தது. கம்பெனிகளுக்கு இடையே வருஷா வருஷம் போட்டி நடக்கும். நன்றாக ஓடுகிற பையன்களைத் தற்காலிக வேலையில் எடுப்பார்கள். போட்டியில் ஜெயித்தால் பெர்மனென்ட், தோற்றால் வந்த வழியே போகலாம். டாக்டர் அந்தக் கம்பெனியின் விளையாட்டு அதிகாரியிடம் போய் ஆளும் இடமும் கேட்டார். அதிகாரிக்கும் மகிழ்ச்சி. தன் அணியை வைத்து டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார் என்றால் சும்மாவா?

ஆய்வு முறை எளிமையானது. இன்றைக்கு உங்களிடம் இருக்கும் கேமராவும் தரைக்கடியில் வைக்கும் கருவியும் அன்று கனவில் கூடக் கிடையாது. துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி வைப்போம். ஓட்டக்காரன் வெறுங்காலோடு தட்டில் மிதித்துவிட்டு ஓட வேண்டும். தரையில் விழுகிற நீலக் கால்தடத்தை வைத்து, அடிக்கு அடி எவ்வளவு தூரம், குதிகால் முதலில் படுகிறதா, பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். களைப்பதற்கு முன் ஒரு தடவை, களைத்த பிறகு ஒரு தடவை. தடம் நன்றாக விழ வேண்டுமென்றால் தரை காய்ந்து, கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். உப்புக் கிடங்குக்கு வெளியே லாரிகள் நிற்பதற்காக ஒரு பெரிய சிமெண்டுத் தளம் இருந்தது. அதைக் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அணியின் பயிற்சியே அந்தத் தளத்துக்கு மாறியது. கிடங்கில் வேலை பார்த்தவர்கள் எங்கள் பையன்களுக்கு "நீலக்கால் கோஷ்டி" என்று பெயர் வைத்தார்கள்.

கோஷ்டியில் பெரும்பாலானவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆட்கள். கரிசல் காட்டிலும் கப்பி ரோட்டிலும் வளர்ந்த கால்கள். இன்னாசி ஒருவன்தான் கடற்கரை. திரேஸ்புரத்துக்காரன், அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது, அம்மா மட்டும். அவன் ஓடிப் பழகியதெல்லாம் அலை வந்து போன ஈர மணலில், தருவைகுளம் பக்கமாகக் கரையோரத்திலேயே. அணியில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடும்போது அவன் தோளும் தலையும் அசையாது. கால் மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு.

மணலில் வளர்ந்த காலைத் திடீரென்று சிமெண்டில் போட்டு தினமும் ஓட விட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாமே சார், பாதி நாள் மணல்ல ஓடட்டும்." அவர் சிரித்தார். "மணல்ல ஓடுனா அலை வந்து தடத்த அழிச்சிரும். அப்புறம் நான் எத அளக்க?" என்றார். பக்கத்தில் நின்ற விளையாட்டு அதிகாரி, "கடக்கரையான் காலு இரும்புல்லா! வல்லத்துல நின்னு நின்னு எறுகிப்போன காலும்மா அது" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். கடல்காரன் என்றால் உடம்பு முழுக்க இரும்பு, அவனுக்கு வலிக்காது, காயம் பட்டால் உப்புத் தண்ணீர் ஆற்றிவிடும். வல்லப் படகில் நிற்கும் கால் வேறு, சிமெண்டில் அடிபடும் கால் வேறு என்று அந்த நேரத்தில் டாக்டரும் சொல்லவில்லை.

பருவம் முடியும் தறுவாயில் இன்னாசி நொண்ட ஆரம்பித்தான். யாருக்கும் தெரியாமல் நொண்டினான். ஓடும்போது தெரியாது, ஓடி முடித்துத் தண்ணீர்க் குழாய்க்கு நடக்கும்போது வலது காலை ஒரு மாதிரி வைப்பான். கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எங்கன வலிக்கி?"

"வலியெல்லாம் இல்ல சிஸ்டர். லேசா கடுக்கி, அவ்வளவுதான்."

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன் எலும்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். பேசிக்கொண்டே இருந்தவன் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினான். விரலை அரை அங்குலம் மேலே நகர்த்தினால் ஒன்றுமில்லை, கீழே நகர்த்தினாலும் ஒன்றுமில்லை. அந்த ஒரு இடம் மட்டும். "அந்தக் கால்ல மட்டும் நின்னு ஒரு குதி குதி" என்றேன். குதித்தான். முகத்தைப் பார்த்தேன், போதும் என்றேன்.

இந்த எலும்பின் முன்பக்கத்தில், நடுவில் வருகிற கீறல் மிகவும் பொல்லாதது. பின்பக்கத்தில் வந்தால் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். முன்பக்கத்துக் கீறல் ஒவ்வொரு அடிக்கும் விரியப் பார்க்கும். ஓடாமல் இருந்தால் பிழைத்தான், ஓடினால் ஒருநாள் இரண்டாக ஒடியும்.

டாக்டரிடம் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தது. ஒரு கீறல் கூட இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் காலை. டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர்: அவர், விளையாட்டு அதிகாரி, நான். ஓடத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் இன்னாசி களத்தில் இறங்க முடியும்.

"சார், அவன் ஓடக் கூடாது" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. "படத்துல ஒண்ணுமில்லன்னு நீங்கதான டாக்டர் சொன்னீங்க? இந்தப் பிள்ள என்ன சொல்லுது?"

"படத்துல தெரிய வாரக்கணக்காகும் சார்."

"அப்பம் எதுக்கும்மா படம் எடுக்கீங்க? வீட்ல மாட்டவா?"

நான் டாக்டரிடமே திரும்பினேன். "சார், நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. மொதல்ல விரல், அப்புறம்தான் படம்னு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, பையனின் பிழைப்பையாவது காப்பாற்றுவோம் என்று அதிகாரியிடம் கேட்டேன். "இந்த வருஷம் ஓடாமலே அவனப் பெர்மனென்ட் பண்ணுங்க சார். கால் ஆறட்டும். அடுத்த வருஷம் அவன் ஜெயிச்சுத் தருவான்." அவர் உரக்கச் சிரித்தார். "ஓடாதவனுக்கு வேல குடுக்கதுக்கு நாங்க என்ன மடமா நடத்துதோம்?" என்றார்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "படம் சுத்தமாத்தான இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். கையெழுத்துப் போட்டார்.

நான் அதைப் பற்றி எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவர் பணம் வாங்கவில்லை. பயந்த ஆளும் இல்லை. அந்த அணியை விட்டால் அவருக்கு ஆய்வு கிடையாது. அதிகாரி முகம் சுளித்தால் சிமெண்டுத் தளம் போய்விடும். ஆயுசு பூராவும் எந்தப் படத்தை நம்பாதே என்று சொன்னாரோ, அந்தப் படம் அன்று அவருக்கு வேண்டிய பதிலைக் கொடுத்தது. அதனால் நம்பினார். உங்களில் யாராவது கெட்டவர்களாக மாறுவீர்கள் என்று எனக்குப் பயமில்லை. இப்படி மாறுவீர்கள் என்றுதான் பயம்.

அன்று மதியமே திரேஸ்புரம் போனேன். இன்னாசி வீட்டு வாசலில் அவன் அம்மா மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர்" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். இன்னாசி உள்ளே இருந்து வந்தான், நொண்டாமல் நடக்க முயன்றுகொண்டு.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். எலும்பு கீறியிருக்கிறது, நாளைக்கு ஓடினால் ஒடிந்துவிடும், டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீ ஓடாதே என்றேன்.

"ஓடலன்னா வேல போவும் சிஸ்டர்."

"கால் போனா?"

"ஒருவேள போவாட்டி?" என்றான். "ஓடலன்னா வேல போறது உறுதி. ஓடுனா கால் போறது ஒருவேளதான. நீங்களே சொல்லுங்க, நான் எதப் பிடிக்க?"

"ஒடியும், உறுதியா ஒடியும்" என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பானோ என்னவோ. ஆனால் அது உறுதி என்று எனக்குத் தெரியாது. நோயாளியிடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இன்னாசியின் அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஏளா, நீ நல்ல மனசோடத்தான் வந்திருக்க. ஆனா ஓடாதங்கியே, நாளக்கழிச்சு எம்புள்ளைக்கு ஒங்க ஆஸ்பத்திரில ஒரு வேல போட்டுத் தருவியா? கடலுக்கு இவன நான் அனுப்ப மாட்டேன். ஒருத்தரக் குடுத்தது போதும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

மறுநாள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். நான் முதலுதவிப் பெட்டியோடு கடைசி வளைவில் நின்றேன். இன்னாசி முதலில் வந்துகொண்டிருந்தான், பின்னால் வந்தவன் வெகு தூரம். தோளும் தலையும் அசையவில்லை. ஒரு நிமிஷம் நான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று மனதார வேண்டினேன். வளைவில் திரும்பி வலது காலை ஊன்றினான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம். கூட்டத்தின் கத்தலுக்கு மேலே எனக்கு அது கேட்டது.

டாக்டர் சிறப்பு விருந்தினர் பந்தலிலிருந்து ஓடி வந்தார். பந்தலில் கட்டியிருந்த மூங்கில் தப்பையை உருவி இருவருமாகக் காலைக் கட்டினோம். அவர் அருமையாகக் கட்டினார். பிறகு எடுத்த படத்தில் எலும்பு ஒடிந்த இடம், நாங்கள் இரண்டு பேரும் விரல் வைத்த அதே இடம். சரியாகச் சொன்னோம் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எலும்பு கூடியது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வேலை நேரத்தில் பட்ட காயம் இல்லை, விளையாட்டில் பட்டது என்று கம்பெனி கையை விரித்தது. தற்காலிக வேலையும் போனது.

நான் டாக்டரிடமிருந்து விலகி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அடுத்த வருஷம் ஒரு மருத்துவக் கூட்டத்தில் அவர் கட்டுரை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நீலக் கால்தடங்களின் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதில் இன்னாசியின் பாதமும் இருந்தது. சுண்டுவிரல் விலகி நிற்கும், எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் நிதானமாக வாசித்தார். பருவம் முழுவதையும், அதன் கடைசியில் வந்த போட்டியையும் முடித்தவர்கள் எவருக்கும் காயமில்லை என்று வாசித்தார்.

நான் எழுந்து நின்றேன். "முடிக்காதவங்க யாராவது உண்டா சார்?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, கேள்விகளை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன், கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனது.

வெளியே டாக்டரைப் பிடித்தேன். "இன்னாசி எங்க சார் இதுல?"

"அவன் ஓட்டத்த முடிக்கலியேம்மா" என்றார். குரலில் கள்ளத்தனம் இல்லை, களைப்புதான் இருந்தது. "முடிக்காதவன எப்படிக் கணக்குல சேக்க? அதான் மொற." பிறகு, "சாப்ட்டுட்டுப் போ" என்றார். நான் சாப்பிடவில்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காயத்தைத் தடுக்க நடந்த ஆய்வு. காயம் பட்டவன் நின்றுவிட்டான். நின்றவனை எண்ணவில்லை. அதனால் காயமே இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை, பாருங்கள்! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. உங்கள் முகாமில் நீங்கள் கைதட்டியது இதற்குத்தான். "முடித்தவர்கள்" என்ற சொல்லைக் கூட உங்கள் நண்பர் விட்டுவிட்டு, "ஒருவருக்கும்" என்று சொன்னார்.

நாளைக்கு நீங்கள் பையன்களையும் பெண்களையும் கூட்டி வந்து கருவியின் மேல் ஓடச் சொல்வீர்கள். கருவிக்குத் தோதான தரையில் ஓடச் சொல்கிறீர்களா, அவர்கள் காலுக்குத் தோதான தரையிலா என்று பாருங்கள். ஒருவன் வராமல் போனால் அவன் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். ஓடாதே என்று சொல்வதற்கு முன், ஓடாவிட்டால் அவன் எதை இழப்பான் என்று விசாரியுங்கள். அதை அவனுக்குக் காப்பாற்றித் தர உங்களால் முடியுமா என்று முட்டிப் பாருங்கள். நான் முட்டிப் பார்த்தேன், முடியவில்லை. உங்களுக்கு முடியலாம்.

டாக்டர் கட்டுரை வாசித்த அந்த வாரமே ஒரு காலையில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். இன்னாசி மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தான். குட்டைக் காலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு, சமமாக நின்று, கரையே அதிரும்படி கூவிக்கொண்டிருந்தான். ஏலம் முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டு விந்தி விந்தி வந்தான்.

"இப்பம் தொண்ட மட்டுந்தான் சிஸ்டர் ஓடுது" என்று சிரித்தான். டீ வாங்கித் தந்தான். பேச்சோடு பேச்சாக, "அந்த நீலக்கால் படிப்பு என்னாச்சி?" என்று கேட்டான்.

"வாசிச்சாச்சு இன்னாசி. பெரிய கூட்டத்துல."

"என்ன போட்டிருக்காவ?"

அவனிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, மெதுவாகக் கேட்டான்:

"அப்பம் நான் ஓடவேயில்லியா, சிஸ்டர்?"